பச்சைச் சோயாக்காயை உறைப்பாப் பொரிச்சுப் பாத்த ஆக்கள் இருக்கிறியளோ? உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

விசுவமடுக்காரி:
எங்கட மாமா சிறுபோகத்துக்கு உழுந்து போட்ட துண்டுக்குப் பக்கத்தில கொஞ்சம் சோயாவும் போட்டவர். சோயா எண்டா எங்களுக்குத் தெரிஞ்சது திரிபோஷா சத்துமாவும் சோயாமீற்றும்தான், காய் பச்சையா இருக்கேக்க பிடுங்கி அவிச்சுத் தின்னலாம் எண்டது ஜப்பானில வேலை செய்திட்டு வந்த மச்சான் சொல்லித்தான் தெரியும். அங்க எடமாமே எண்டு சொல்லி உப்புத் தண்ணியில அவிச்சுக் கொறிக்கிறவையாம். எங்கட வாய்க்கு உப்பு மட்டும் காணாதெல்லோ, அதால கட்டைத்தூள் (கரகரப்பா இடிச்ச செத்தல் மிளகாய்த்தூள்), உள்ளி எல்லாம் போட்டுப் பொரிச்சம். சத்தியமா நல்ல ருசி, பின்னேரத் தேத்தண்ணிக்கு இப்ப சின்னனுகள் இதைத்தான் கேக்குதுகள்.

முக்கியம் பிடுங்கிற பதம். உள்ளுக்க கொட்டை நல்லாப் பருத்து வெளியால முட்டிக்கொண்டு நிக்கோணும், ஆனா காய் இன்னும் பச்சையா இருக்கோணும், மஞ்சள் தட்டத் தொடங்கினா கொட்டை இறுகிடும், பிறகு காயவிட்டு அடிச்சு எடுக்கத்தான் சரி. இந்தப் பதம் கொஞ்ச நாள்தான் நிக்கும், எங்கட வெயிலுக்கு இன்னும் கெதியாப் போயிடும். விடியப்பறம் பிடுங்கி அண்டைக்கே அவிச்சுப்போடுங்கோ, வைக்க வைக்க இனிப்புக் குறைஞ்சு மாத்தன்மை வந்திடும்.

காயைக் கல்லுப்புப் போட்டுக் கசக்கிக் கழுவினா மேல இருக்கிற சுணை போகும். கொதிக்கிற உப்புத் தண்ணியில ஒரு 5 நிமிசம், பிறகு வடிச்சு பச்சைத்தண்ணி ஊத்தி ஆறவிட்டு நசிச்சா கொட்டை தன்பாட்டில வழுக்கிக்கொண்டு வரும். கோது நார், தின்னேலாது. கொட்டையைத் துணியில பரப்பி ஈரம் முழுக்கப் போகவிடோணும், இதில மட்டும் அவசரப்படாதேங்கோ, ஈரத்தோட போட்டா எண்ணெய் தெறிக்கும், மொறுமொறுப்பும் வராது. தாச்சியில தேங்காயெண்ணெய் விட்டு நடுத்தர நெருப்பில பொரிச்சு, சத்தம் அடங்கி அங்கங்க பொன்னிறமா வரேக்க அரிச்சு எடுங்கோ. மிச்ச எண்ணெயை வடிச்சுப்போட்டு, ஒட்டிக் கிடக்கிற எண்ணெயிலேயே தட்டின உள்ளி, நற்சீரகம், கறிவேப்பிலை போட்டு வாசம் வர அடுப்பை நிப்பாட்டி, பிறகுதான் கட்டைத்தூளும் உப்பும். 2 கப் கொட்டைக்கு 1 தேக்கரண்டி கட்டைத்தூள் எங்களுக்கு அளவா இருக்கு. தேசிக்காய் தின்னேக்க புளிஞ்சாப் போதும், முந்தியே விட்டா இளகிடும்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
அக்கா, நான் இப்ப ரொறன்ரோவில, இஞ்ச கடைவழிய கோது நீக்கின கொட்டை பிறீசர் பக்கற்றில கிடைக்கும், ஏற்கனவே அரைவாசி அவிச்சதுதான். ஐஸ் போகவிட்டு, துணியால வடிவா ஒத்தி எடுத்து, கொஞ்ச எண்ணெய் பிரட்டி அவணில 200 பாகை செல்சியஸில போட்டுட்டு இடைக்கிடை கிளறிவிடுவன், ஒரு 25 நிமிசத்தில சரி. தூளை முதலே பிரட்டினா கருகிக் கைச்சுப்போகும், நீங்கள் சொன்ன மாதிரி கடைசியிலதான் போடோணும். அம்மா அனுப்பின வறுத்த கறித்தூளும் கொஞ்சம் தூவுறனான், வேலையில இருக்கிற வெள்ளைக்காரப் பெடியள் டப்பாவோட காலியாக்கிப்போடுவாங்கள்.

செட்டிகுளம் அக்கா:
நல்ல பதிவு பிள்ளை. ஒண்டு மட்டும் சேத்துச் சொல்லுறன், தோட்டத்தில நிக்கிற சின்னனுகள் பயத்தங்காய் மாதிரி நினைச்சுப் பச்சையாக் கடிக்கப் பாக்குங்கள், சோயாவை அவிக்காமப் பச்சையாத் தின்னக்கூடாது. அதில சமிபாட்டைத் தடுக்கிற ஒரு புரதம் இருக்கு, வடிவா அவிச்சாத்தான் அதின்ர வேலை அடங்கும். சோயா ஒத்துக்கொள்ளாத ஆக்களும் இருக்கினம், புது ஆளுக்குக் குடுக்கேக்க கேட்டுட்டுக் குடுங்கோ. போன வைகாசி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரருக்கு நான் காய்ஞ்ச சோயாவிலதான் செய்தனான். இரா முழுக்க ஊறவிட்டு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுப் புதுத் தண்ணியில மசிய அவிச்சு, தேங்காய்ச்சொட்டு, செத்தல் மிளகாய், வெங்காயம் போட்டுத் தாளிச்சன். கடலை எண்டு நினைச்சுத் தின்ட மாமி ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவ. ஆனா பச்சைக் கொட்டையின்ர இனிப்பு அதில வராது, அது வேற ருசி. பொரிச்சது எத்தினை நாளைக்கு நிக்கும்?

விசுவமடுக்காரி:
நிக்காதக்கா, கச்சான், கடலை மாதிரி உள்ளுக்க காயிறதில்லை, அடுத்த நாள் இளகிடும். மிஞ்சினா எண்ணெயில்லாத தாச்சியில ஒருக்காப் பிரட்டி எடுங்கோ. கனக்கக் காய் இருந்தா அவிச்சு உரிச்ச கொட்டையைப் பிறீசரில வச்சு வேணும்போது பொரிக்கலாம். மாமா விதைக்கெண்டு கொஞ்சம் முத்தவிட்டிருக்கிறார், சோயா விதை எங்கட சூட்டில கனகாலம் வச்சா முளைப்புக் குறைஞ்சிடும், அதால வேணுமெண்டாக்கள் இந்தப் போகம் முடியமுந்தியே சொல்லிப்போடுங்கோ.