பூங்கா, மரம்னு களத்துல இறங்கினவங்க வாங்க: இன்னும் உறுத்திக்கிட்டிருக்கிற ஒரு விஷயம் சொல்லுங்க

ஆத்தங்கரை:
சென்னை கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்கு ஞாயித்துக்கிழமை போறவங்க இங்க இருப்பீங்க. 2006-ல 'நிழல்'ங்கிற மரம் காக்குற அமைப்பு கையில எடுக்கும் முன்னாடி அது குப்பை மேடு, அது தெரிஞ்ச கதைதான். நான் சொல்ல வந்தது 2015 டிசம்பர். வெள்ளம் வடிஞ்சதும் மண்வெட்டியோட போனேன். கிளையெல்லாம் பாலித்தீன் கவர், துணி காயப்போட்ட மாதிரி. அதுக்கு நடுவுல, என் தலைக்கு மேல, ஒரு ஸ்கூல் பை. கழியால தட்டி இறக்கினோம். நோட்டெல்லாம் ஊறி ஒரே கட்டி. லேபிள்ல பேரு அழிஞ்சிருச்சு, "நான்காம் வகுப்பு" மட்டும் நிக்குது. எத்தனை மூட்டை அள்ளினோம்னு சுத்தமா ஞாபகமில்ல. அந்தப் பை மட்டும் இன்னும் கண்ணுல இருக்கு.

கொன்றைப்பூ:
எனக்கு வர்தா புயல். 2016 டிசம்பர் 12. எங்க தெருமுனை குல்மோஹர் சாய்ஞ்சு கிடந்துச்சு. கிட்ட போய்ப் பார்த்தா வேர் சதுரமா இருக்கு! தொட்டியைக் கவுத்தா மண்ணு கட்டியா வரும்ல, அப்படி. நடைபாதை போட்டப்ப அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசிட்டாங்க, வேர் எங்கதான் போகும்? வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்த மரத்துக்குக் காவியும் சுண்ணாம்பும் அடிச்ச கோஷ்டியில நானும் ஒருத்தி. மரம் வளர்க்கிறோமாம். சிமென்டை ஒருத்தரும் குனிஞ்சு பார்க்கல.

மரமண்டை:
@கொன்றைப்பூ சதுர வேர்லாம் சரி, குல்மோஹர் மடகாஸ்கர் மரம்ங்க. தூங்குமூஞ்சியும் அமெரிக்காவுல இருந்து வந்தது. புயல் ஊருக்கு இதெல்லாம் ஆகாது. புங்கம், பூவரசு, வேம்பு, மகிழம் வைங்க. குழி 3 அடிக்கு 3 அடி, அரை அடி குறைஞ்சாலும் ஒத்துக்காதீங்க. கட்டட இடிபாடு இருந்தா அள்ளி வெளிய போட்டுட்டு செம்மண், மக்கின எரு போடுங்க. கன்னு ஆள் உயரத்துக்கு இருக்கணும், இல்லாட்டி மாடு மேயும். நர்சரி கவரைக் கிழிச்சுட்டு வைங்க, கவரோட புதைக்கிற புண்ணியவான்கள் இன்னும் இருக்காங்க. ஊணுகோலுக்கு கயிறை எட்டு மாதிரி போட்டுக் கட்டுங்க, இறுக்கினா தண்டு அறுபடும். சென்னைக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான், அதனால ஆவணி புரட்டாசியில நடணும். ரெண்டு கோடை தண்ணி ஊத்த ஆள் இல்லைன்னா நடவே நடாதீங்க.
என் அனுபவம்: எங்க தெருவுல 12 வெச்சேன், 3 இருக்கு.

கொன்றைப்பூ:
எப்படி நடணும்னு நான் கேக்கவே இல்லையேங்க. அன்னிக்கு எங்க தெருவுல வேம்பும்தான் விழுந்துச்சு. டெல்லியில மரத்தைச் சுத்தி 1 மீட்டருக்கு சிமென்ட் இருக்கக் கூடாதுன்னு 2013-லயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிருச்சு. அதைப் பத்திப் பேசுங்க.

சுத்தியல்:
சண்டை வேணாம். நாங்க மரத்துல ஆணி பிடுங்குற செட்டு. ஒரு வேப்பமரத்துல டியூஷன் போர்டைக் கழட்டுறப்போ மாஸ்டரே வண்டியில வந்து நிக்கிறாரு. "யாருடா அது என் போர்டை..." ஆணியைப் பிடிச்சிட்டிருந்த பையன் திரும்பிப் பார்த்து, "குட் மார்னிங் சார்"னான். அவர் கிட்ட படிக்கிறவனாம். மாஸ்டர் ஒண்ணும் பேசாம போர்டை வாங்கிட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரத்துல இருந்து பையன் வரல. ஏன்னு கேக்கவும் இல்ல.

முன்னாள் செயலாளர்:
எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு எழுதறேன். எங்க நகர்ல ஓஎஸ்ஆர், அதாவது திறந்தவெளிக்குன்னு ஒதுக்கின இடம் ஒண்ணு. லேஅவுட் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினா 10 சதவீதம் பொதுவுக்கு விடணும்ல, அந்த இடம். முள்ளு மண்டிக் கிடந்துச்சு. சங்கத்துல காசு வசூல் பண்ணி, ரெண்டு வருஷம் சனி ஞாயிறு பார்க்காம பூங்காவாக்கினோம். பெருமையா இருந்துச்சு. அப்புறம் வேலி, அப்புறம் கேட்டு, அப்புறம் பூட்டு.
தெரு கூட்டுற அக்காங்க நாலு பேரு, அங்க இருந்த பழைய புங்க மரத்தடியிலதான் மத்தியானம் சாப்பிடுவாங்க. நாங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே. ஒரு நாள் எங்க கமிட்டி ஆள் ஒருத்தர், "இங்க உக்காராதீங்கம்மா, புல்லு வெச்சிருக்கு"ன்னுட்டாரு. ஒரு அக்கா தூக்குவாளியை மூடிக்கிட்டே என்னைப் பார்த்தாங்க. சாவி என் கையில. நான் செடிக்குத் தண்ணி விடற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

சுத்தியல்:
இப்போ திறந்திருக்கா சார்?

முன்னாள் செயலாளர்:
காலைல 5 டு 8, சாயங்காலம் 4 டு 8. மத்தியானம் பூட்டுதான். நான் பொறுப்புல இல்ல.

ஆத்தங்கரை:
பொது இடத்துக்குப் பூட்டு போட சங்கம் யாரு? சென்னைன்னா மாநகராட்சி புகார் நம்பர் 1913-க்கு அடிங்க சார்.

மரமண்டை:
புல்லு வெச்சதே தப்பு, எவ்வளவு தண்ணி குடிக்கும் தெரியுமா? வேலியோரம் என்ன மரம் வெச்சிருக்கீங்க? அசோக மரம்னு நர்சரியில குடுத்திருந்தா அது நெட்டிலிங்கம், உண்மையான அசோகம் வேற. போட்டோ போடுங்க, பார்த்துச் சொல்றேன்.