உதடு ஊதுதா, கை ஊதுதா: பித்தளை வாத்தியக்காரர்களின் அனுபவங்கள்

ட்ரம்பெட், மதுரை

பதினான்கு வயதில் பேண்டு செட்டில் சேர்ந்தேன். கிளாரினெட் வாசித்த மாமா ஒருவர் கூட்டிப்போய், மீரட்டில் செய்த பழைய ட்ரம்பெட் ஒன்றைக் கையில் கொடுத்தார். பாடம் என்று எதுவும் கிடையாது. "மேலே வரலையா? அழுத்தி ஊதுடா" என்பதுதான் மொத்தப் பாடமும். ஊர்வலத்தில் நான்கு மணி நேரம் அப்படி ஊதினால் உதட்டில் மவுத்பீஸின் வட்டம் பதிந்துவிடும். அதைக் கண்ணாடியில் பெருமையாகப் பார்த்துக்கொள்வேன்.

தை, வைகாசி, ஆவணியில் தூங்க நேரம் இருக்காது. ஆடியில் அம்மன் கோயில்கள் காப்பாற்றும். மார்கழியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் சர்ச்காரர்கள் கேரல் ரவுண்டுக்குக் கூப்பிடுவார்கள். புரட்டாசிதான் பட்டினி.

அப்புறம் ஒரு மெல்லிசைக் குழுவில் இடம் கிடைத்தது. முதல் ஒத்திகையிலேயே மானம் போனது. கீபோர்டுக்காரர் "ரெண்டு கட்டை" என்று சுருதி சொன்னார். நான் எனக்குத் தெரிந்த ரெண்டு கட்டையில் ஊத, பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பி ஃப்ளாட் ட்ரம்பெட்டில் நாம் விரல் பிடிக்கும் சுரம் ஒரு முழுப்படி கீழேதான் ஒலிக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பேண்டு செட்டில் கிளாரினெட்டும் பி ஃப்ளாட். எல்லோருக்கும் ஒரே தப்பு என்பதால் தப்பே தெரியவில்லை! ரெண்டு கட்டைப் பாட்டுக்கு நாம் மூன்று கட்டைக்கு விரல் பிடிக்க வேண்டும்.

சரி, சொல்ல வந்த சந்திப்பு வேறு. இருபத்தாறு வயதில் ஒரு நாள் மவுத்பீஸ் இறுகிக்கொண்டு கழலவே இல்லை. ரிப்பேர் கடைக்குப் போனால் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அங்கே கிடந்த சுத்தியலை எடுத்தேன்.

"தம்பி, அதை வைங்க" என்று ஒரு குரல். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், பச்மரி ராணுவ இசைப் பள்ளியில் பயிற்சி எடுத்தவர். கடையில் இருந்த கழற்றும் கருவியை மாட்டித் திருகினார், அலுங்காமல் வந்துவிட்டது. "கொஞ்சம் ஊதுங்க" என்றார். ஊதினேன்.

"எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க?"

"பன்னிரண்டு வருஷம் ஐயா."

"உதடு ஊதலையே தம்பி, கைதானே ஊதுது."

இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் ட்ரம்பெட்டைப் படுக்க வைத்து, பிடிக்காமல் ஊதச் சொன்னார். கையால் வாத்தியத்தை உதட்டில் அழுத்த வழியே இல்லை. நடு ஸ்தாயி ஜி கூட வரவில்லை, வெறும் காற்று. அந்த வருஷம் ஏன் எனக்கு மேல் ஸ்தாயி சுரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின என்று அப்போதுதான் புரிந்தது.

ஆறு மாதம் புக்கிங் எதுவும் எடுக்காமல் கீழ் சுரங்களை மட்டும் நீட்டி நீட்டி ஊதினேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதற்காகத்தான் ஒரு பள்ளியில் பேண்டு மாஸ்டர் வேலைக்குப் போனேன். விரும்பி ஆசிரியர் ஆனவன் இல்லை நான். அந்தப் பள்ளி நான்கு மாதச் சம்பளத்தை இழுத்தடித்தது தனிக்கதை. ஆனால் பிள்ளைகள் யாரும் உதட்டில் வட்டத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. இன்று என்னிடம் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு இசைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் முதல் வகுப்பு உள்ளங்கைப் பாடம்தான்.

யூஃபோனியம், நாகர்கோவில்

எனக்கு நேர்மாறான அனுபவம். இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) பேண்டில், ட்ரம்பெட் மாதிரியே இருக்கும் கார்னெட்டில் ஆரம்பித்தேன். எனக்குத் தடித்த உதடு. ஒரு வருஷம் போராடியதைப் பார்த்த மாஸ்டர், ஒன்றும் சொல்லாமல் மவுத்பீஸ் பெரிதான டெனர் ஹார்னைக் கொடுத்தார். பிறகு அதைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட யூஃபோனியம். சேனை பேண்டு முறையில் பாஸ் ட்ராம்போன் தவிரப் பித்தளை எல்லாவற்றுக்கும் தாளில் ஒரே ட்ரெபிள் கிளெஃப் குறியீடுதான், வால்வு வாத்தியங்களில் அதே விரல்கள். அதனால் பையனை வாத்தியத்துக்கு ஏற்ப வளைக்க வேண்டாம், வாத்தியத்தை மாற்றினால் போதும். இதில் ஒரு வினையும் உண்டு. பின்னால் வேறொரு இசைக்குழுவில் தாழ்ந்த சுரங்களுக்கான பாஸ் கிளெஃப் குறியீட்டில் எழுதிய தாளை நீட்டியபோது திருதிருவென்று விழித்தேன்.

இப்போது நான் சொல்லித்தரும்போது பெற்றோரோடுதான் மல்லுக்கட்டு. எல்லோருக்கும் ட்ரம்பெட்தான் வேண்டும். "அந்தப் பெரிய குழாயெல்லாம் யார் சார் பார்ப்பாங்க?" என்று ஓர் அம்மா என் முகத்துக்கு நேரேயே கேட்டார். என் மடியில் அப்போது யூஃபோனியம் இருந்தது.

பள்ளி பேண்டு ஆசிரியை, கோவை

முதல் சுதந்திர தினத்தன்று ஏசி அறையில் எல்லோரையும் சுருதி சேர்த்து மைதானத்துக்கு அனுப்பினேன். ஒரு மணி நேர வெயில். குழாய்க்குள் காற்று சூடானால் சுருதி ஏறும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் பெல் லைராவோ அப்படி ஏறாது. ஆளுக்கொரு நாடு விடுதலை அடைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வெயிலில் நின்றுதான் சுருதி சேர்ப்பேன், சுருதியை இறக்க ட்யூனிங் ஸ்லைடு என்ற இழுப்புக் குழாயை இழுத்துவிட எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. "மிஸ், பொம்பளப் பிள்ளை ஊதினா கன்னம் உப்பிடுமாமே?" என்று ஒரு தாய் கேட்டார். ஊதிக்காட்டி என் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சரியாக ஊதினால் கன்னம் உப்பாது, வாயோரம்தான் இறுகும். சமாதானமாகிப் போனார். அடுத்த வாரம் வேறு கேள்வியோடு வந்தார்: காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஊதுகிறாள், கீழ் வீட்டுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது? சத்தத்தைக் குறைக்க வாத்தியத்தின் வாயில் செருகும் ப்ராக்டிஸ் ம்யூட் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன்.