படிக்காமல் ஒய் தட்டியவன்: என் டெபியன் அனுபவம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மூன்று கிளைகள்: சோதித்து வெளியிட்ட ஸ்டேபிள், அடுத்த ஸ்டேபிளாகத் தயாராகும் டெஸ்டிங், புதுசெல்லாம் முதலில் வந்து விழும் சிட். ஸ்டேபிள் என்றாலே பழைய சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். 2023 தொடக்கத்தில் லேப்டாப்பில் டெபியன் டெஸ்டிங் போட்டேன், மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்டில், அப்போதைய டெஸ்டிங்கின் பெயரான புக்வோர்ம் என்று எழுதாமல் டெஸ்டிங் என்றே எழுதிவைத்தேன். அது ஃப்ரீஸ் காலம், அதாவது வெளியீட்டுக்கு முன் மாற்றங்களை நிறுத்திவைக்கும் நேரம், புதுசாகப் பெரிதாக எதுவும் உள்ளே வராது, அதனால் ஒரு பிசகும் இல்லை. ஜூன் 10 அன்று புக்வோர்ம் ஸ்டேபிள் ஆனது, டெஸ்டிங் என்ற பெயர் அடுத்த வெளியீடான ட்ரிக்ஸிக்குப் போனது, மடை திறந்த மாதிரி பேக்கேஜ்கள் கொட்டின. அதைச் சமாளித்துவிட்டேன்.

2024 மார்ச்சில்தான் வினை. 32-பிட் மெஷின்களிலும் 2038-க்கு அப்புறம் நேரம் சரியாக ஓட வேண்டுமென்று பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் ஏகப்பட்ட லைப்ரரிகளை மாற்றி, பெயரில் டி64 என்று ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சிட்டில் பாதி மாறியும் மாறாமலும் கிடந்ததால் டெஸ்டிங்குக்கு ஒன்றும் இறங்கவில்லை. பொறுமை கெட்டு சிட்டுக்கே தாவினேன். எல்லாவற்றையும் புதுப்பிக்கும் ஃபுல்-அப்கிரேட் கட்டளை கொடுத்தால் நீக்கப்போகும் பட்டியல் திரை தாண்டி ஓடுகிறது, நான் ஒரு கையில் காபியோடு 'சரி' என்று ஒய் தட்டினேன். மறுபடி பூட் ஆனால் கறுப்புத் திரையில் லாகின் மட்டும்தான், டெஸ்க்டாப்பையே காணோம்.

அந்த அலுப்பு தீருமுன் 29-ம் தேதி, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் யாரோ ரகசியமாகப் பின்கதவு வைத்திருந்த விவகாரம். என் மெஷினில் பின்கதவு இருந்த அதே 5.6.1 பதிப்பு! திருத்தி வந்த பதிப்பின் பெயர் '5.6.1+ரியலி5.4.5', அதாவது பெயருக்கு 5.6.1, உண்மையில் பழைய 5.4.5. சிரிப்பதா அழுவதா? ஸ்டேபிளை அது தொடவே இல்லை. சிட்டிலிருந்து கீழே இறங்க முறையான வழி கிடையாது, ஆகவே ஹோமை பேக்கப் எடுத்துவிட்டுப் புக்வோர்மைப் புதிதாகப் போட்டேன். புதுக் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) வேண்டுமென்றால், புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்கென்று தரும் பேக்போர்ட்ஸ் இருக்கிறது.

— அண்ணா, 'டாய் ஸ்டோரி' படத்தில் பொம்மை உடைக்கிற பையனின் பெயரைத்தானே சிட்டுக்கு வைத்திருக்கிறார்கள், அதைக் குறை சொன்னால் எப்படி? நான் ஏழு வருஷமாக அதில்தான் இருக்கிறேன். ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் போட்டிருக்கிறேன், பெரிய பிழை பதிவாகியிருந்தால் நிறுவுமுன்பே சொல்லிவிடும். நீக்கும் பட்டியல் நீளமாக இருந்தால் அன்றைக்கு 'வேண்டாம்' என்று 'N' தட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். அப்புறம், எக்ஸ்இசட் பின்கதவைக் கண்டுபிடித்த மென்பொருளாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் ஓட்டியதும் சிட்தான். வேறு கணினியிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டப் போய்த்தான் அது வெளியே வந்தது. எல்லோரும் உங்களை மாதிரி ஸ்டேபிளில் உட்கார்ந்திருந்தால் ட்ரிக்ஸி ஸ்டேபிளாக வெளியானபோது அதற்குள்ளும் அது இருந்திருக்கும்.

— சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். வேலை செய்யும் மெஷினில் ஸ்டேபிளை மாற்ற மாட்டேன். பழைய லேப்டாப் ஒன்று பரணில் கிடக்கிறது, அதில் சிட் போட்டுப் பார்க்கிறேன். இந்தத் தடவை காபி கிடையாது.