புதுப்பிப்பு: அம்மாவின் கணுக்கால் சுளுக்கு, எது கைகொடுத்தது

படியில் இறங்கும்போது அம்மாவுக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது, நீவி விடலாமா, வெந்நீர் ஒத்தடமா, ஐஸா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நன்றாக நடக்கிறார்.

பெரிதும் உதவியது ஒருவர் சொன்ன சோதனைதான்: நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்பக்கத்தை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டும் இல்லை. அதனால் வீட்டு வைத்தியம்தான். துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை. கிரேப் பேண்டேஜ். காலுக்கடியில் தலையணை. முதல் 48 முதல் 72 மணி நேரம் சூடும் நீவலும் கூடாது (எண்ணெயோடு வந்த பெரியம்மாவைச் சமாளித்ததுதான் கஷ்டம்).

எதிர்பாராதது ஒன்று. அடிபடாத விரல்கள் வரை நீலம் பாய்ந்தது. பயந்துபோய் டாக்டரிடம் காட்டினோம். கசிந்த ரத்தம் கீழே இறங்குவது இயல்புதானாம். அப்புறம், படுத்தே கிடக்காமல் வலி தாங்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் வீக்கம் மளமளவென்று வற்றியது.

பேண்டேஜ் கட்டியபின் விரல் மரத்தாலோ வெளுத்தாலோ உடனே தளர்த்துங்கள்.