ஸ்காபரோ பங்களோ கூரை: ஷிங்கிள்ஸ் எத்தனை கட்டு வேணும்? பழசின்மேலேயே அடிக்கலாமோ?

புதுக்குடி எழுதியது:

வணக்கம் உறவுகளே. 1960களில கட்டின பங்களோ. வீடு 40 அடிக்கு 28 அடி, நாலு பக்கமும் ஓரடி இறவாரம். ரெண்டு பக்கச் சரிவு, 12 அங்குலத்துக்கு 5 அங்குல ஏற்றம். இப்ப இருக்கிறது ஒரே அடுக்கு ஷிங்கிள்ஸ் (கூரைக்கு அடிக்கிற தார்த் தகடு). நுனியெல்லாம் சுருண்டு, பீலி நிறையக் கருமணல். போன பெப்ரவரியில வடக்கு அறையில, சுவரும் சீலிங்கும் சேருற இடம் ஊறிப்போச்சு. மழைக்கு அந்த இடம் ஊறுறேல்லை.

ஒருத்தர் பழசின்மேலேயே அடிக்கலாம், விலை குறைவு எண்டுறார். மற்றவர் முழுக்க உரிக்கவேணும் எண்டுறார். எத்தனை கட்டு பிடிக்கும்? ஐஸ் ஷீல்ட் (ஷிங்கிளுக்குக் கீழ பலகையில ஒட்டுற தண்ணி புகாத தாள்) ஒரு வரிசை காணுமோ?

உளி எழுதியது:

மழைக்கு ஊறாமல் பனிக்கு ஊறினால் அது பெரும்பாலும் ஷிங்கிளில ஓட்டை இல்லை, ஐஸ் டாம். வீட்டுச் சூடு அற்றிக்குக்குள்ள (சீலிங்குக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளி) ஏறி, கூரையில கிடக்கிற ஸ்னோவை அடியில இருந்து உருக்கும். உருகின தண்ணி கீழ ஓடிவந்து, சூடில்லாத இறவாரத்தில திரும்ப உறையும். அது வயல் வரம்பு மாதிரி நிண்டு மறிக்க, பின்னால தேங்கிற தண்ணி ஷிங்கிளுக்குக் கீழால மேல ஏறும். ஷிங்கிள் ஓடுற தண்ணிக்குத்தான். தேங்கிற தண்ணிக்கு இல்லை.

அதனால பழசின்மேல அடிக்கிறது உங்கட பிரச்சினையைத் தொடவே தொடாது. ஐஸ் ஷீல்ட் வெறும் பலகையில ஒட்டவேணும். உரியுங்கோ.

கணக்கு: இறவாரத்தோட 42 அடிக்கு 30 அடி, 1,260 சதுர அடி. 5/12 சரிவுக்கு 1.083 ஆல பெருக்க 1,365. வெட்டுக் கழிவுக்கு 10 வீதம் சேர்த்தால் 1,500, அதாவது 15 ஸ்குவயர் (ஒரு ஸ்குவயர் 100 சதுர அடி). ஸ்குவயருக்கு மூண்டு கட்டு எண்டு 45 வரும். ஆனால் கட்டுக்கு மேல அச்சடிச்சிருக்கிற அளவைப் பாருங்கோ: 32 சதுர அடி எண்டு இருந்தால் 47 வேணும். எல்லாக் கட்டும் ஒரே லொட்டில (ஒரே தயாரிப்புத் தொகுதியில) வாங்குங்கோ. பிறகு ரெண்டு கட்டு குறையுது எண்டு போனால் நிறம் ஒத்துவராது.

ஸ்ராட்டர் பட்டி (ஓரத்தில முதல் வரிசைக்குக் கீழ அடிக்கிற பட்டி) பீலிப் பக்கம் 84 அடி, சரிவு ஓரங்கள் நாலும் 65 அடி, மொத்தம் 149 அடி. ஓரத் தகரம் 10 அடித் துண்டு 17. முகட்டுத் தொப்பி 42 அடிக்கு.

ஐஸ் ஷீல்டிலதான் கனபேர் பிழை விடுகினம். ஒன்ராறியோக் கட்டடக் கோவைப்படி அது சுவரின்ர உள்முகத்தைத் தாண்டி இன்னும் 300 மி.மீ. உள்ள போகவேணும். உங்களுக்கு இறவாரம் 12 அங்குலம், செங்கல் சுவர் 10 எண்டு வையுங்கோ, அதோட 12: கிடையா 34. சரிவில அளந்தால் கிட்டத்தட்ட 37. ரோல் அகலம் 36! ஒரு வரிசை அடிச்சால் அந்த ஒரு அங்குலம் காணாது. ரெண்டு வரிசை அடியுங்கோ, ஒண்டின்மேல ஒண்டு மூண்டு அங்குலம் ஏற. ரெண்டு பக்கத்துக்கும் 168 அடி, 65 அடி ரோல் மூண்டு. மிச்சம் சிமினியைச் சுத்தி ஒட்ட உதவும். மேல்பகுதிக்கு 10 ஸ்குவயர் சிந்தற்றிக் ரோல் (ஷிங்கிளுக்குக் கீழ விரிக்கிற தாள்) ஒண்டு போதும்.

புதுக்குடி எழுதியது:

நன்றி அண்ணை. சிமினி ஒண்டு இருக்கு, 32 அங்குல அகலம். கூரைப் பலகை பிளைவூட் இல்லை, நீளப் பலகைகள். அற்றிக்குக் காத்துப் போய்வர வென்ற் எத்தனை வேணும்? ஒருத்தர் ரிட்ஜ் வென்ற் (முகடு நீளத்துக்குப் போடுறது) போடலாம் எண்டார்.

வடலி எழுதியது:

வென்ற் கணக்கு சீலிங் பரப்பில இருந்து வாறது. 1,120 சதுர அடியை 300 ஆல பிரித்தால் 3.7 சதுர அடி, அதாவது 540 சதுர அங்குலத்துக்குக் கிட்ட. பாதி மேல, பாதி இறவாரத்தில. மேல வைக்கிற பெட்டி வென்ற் ஒன்றுக்கு 50 சதுர அங்குலத் திறப்பு என்றால் ஆறு. ரிட்ஜ் வென்ற் கூடாது என்று இல்லை. ஆனால் பெட்டி வென்ற்றையும் அதையும் கலக்கவேண்டாம். காற்று கீழேயிருந்து வராமல் பக்கத்து வென்ற்றால் உள்ளே வந்து மற்றதால் போய்விடும்.

உண்மையில் மேலே எத்தனை வைத்தாலும் கீழே அடைத்திருந்தால் வீண். அந்தக் காலத்து வீடுகளில் சொஃபிற் (இறவாரத்தின் அடிப்பக்க மூடி) வெளியே ஓட்டை ஓட்டையான அலுமினியமாகத் தெரியும். அதற்கு மேலே பழைய மரச் சொஃபிற் வெட்டாமலே கிடக்கும். நல்ல வெயில் நேரம் அற்றிக்குக்குள் ஏறி, லைற்றை அணைத்துவிட்டு இறவாரப் பக்கம் பாருங்கள். வெளிச்சம் கீறாகத் தெரியவேண்டும். இருட்டாக இருந்தால் மரச் சொஃபிற்றை வெட்டித் திறந்து, கைமரங்களுக்கு இடையில் இன்சுலேஷன் அடைக்காதபடி பஃபிள் (காற்றுக்கு வழிவிடும் தட்டு) வைக்கவேண்டும். கூரை உரித்துக் கிடக்கும் நாளில் ஓரப் பலகையைக் கழற்றி இதைச் செய்வது சுகம். குளியலறை விசிறிக் குழாய் அற்றிக்குள் முடிந்திருந்தால் அதையும் தனி மூடியோடு கூரைக்கு வெளியே எடுங்கள்.

நீளப் பலகை என்றால் இடைவெளியில் விழுகிற ஆணிக்குப் பிடி இல்லை. உளுத்ததை மாற்றி, மேலே 7/16 அங்குல ஓ.எஸ்.பி. (மரச் சீவல் ஒட்டிய பலகை) போடுவது நல்லது, 32 சதுர அடிச் சீற், கழிவோடு 45.

சிமினி அகலம் 750 மி.மீ. தாண்டினால், அதாவது 30 அங்குலத்துக்குச் சற்றே குறைவு, முதுகுப் பக்கம் சிறு முகடு கட்டித் தண்ணியை இரண்டு பக்கமும் பிரித்துவிடவேண்டும். உங்களுடையது அதைத் தாண்டுகிறது. பக்கங்களில் ஒவ்வொரு வரிசை ஷிங்கிளுக்கும் ஒரு படித் தகரம், அதை மூடுகிற மேல்தகரம் செங்கல் சாந்துக்குள் வெட்டிச் செருகியதாக இருக்கவேண்டும். பழைய தகரத்தை விட்டுத் தார் பூசி மினுக்குகிறார்கள் என்றால் ஏதோ ஒரு குளிரில் அது வெடிக்கும்.

சுத்தியல் எழுதியது:

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி, ஒண்டு மட்டும் சேர்க்கிறன்: கூரை கோணாமல் ஒழுங்கா நிண்டால் 45 சீற் காணும், ஆனால் விலைத்தாளில "பலகை தேவைக்கேற்ப" எண்டு விடாமல் ஒரு சீற்றுக்கு இவ்வளவு எண்டு எழுதி வாங்குங்கோ.

வேலை நடக்கேக்க பார்க்கவேண்டியது ஆணி. லாமினேற் ஷிங்கிளில (ரெண்டு தகடு ஒட்டினது) ஆணிக் கோடு போட்டிருக்கும். ரெண்டு தகடும் ஒட்டியிருக்கிற இடம் அதுதான். ஒரு அங்குலம் மேல அடிச்சால் முன்தகட்டை மட்டும் பிடிக்கும், பின்தகடு காலப்போக்கில வழுக்கிக் கீழ வரும். ஆணித் துப்பாக்கிக்குக் காத்து அமுக்கம் கூடினால் தலை ஷிங்கிளை வெட்டி உள்ள போகும்; குறைஞ்சால் தலை தூக்கி நிண்டு மேல் ஷிங்கிளைத் துளைக்கும். தலை ஷிங்கிளோட சமனா இருக்கவேணும். ஷிங்கிளுக்கு நாலு எண்டு கட்டில போட்டிருக்கும், நான் ஆறு எண்டுதான் கேட்பன். ஸ்குவயருக்கு 65 ஷிங்கிள், 15 ஸ்குவயருக்கு ஆறு ஆணிப்படி 5,850. 1¼ அங்குலக் கொயில் ஆணி, 7,200 பெட்டி ஒண்டு.

ஓரத் தகரத்தின்ர ஒழுங்கு மாறக்கூடாது. பீலிப் பக்கம் தகரம் முதல், ஐஸ் ஷீல்ட் அதுக்கு மேல. சரிவு ஓரத்தில தாள் முதல், தகரம் மேல, காத்து தாளுக்குக் கீழ போகாமல். ஸ்ராட்டரின்ர தார்ப்பட்டி பீலியை ஒட்டி இருக்கவேணும். தலைகீழா வைச்சால் முதல் வரிசை ஒட்டாது, முதல் பெரிய காத்துக்கே கிளம்பும்.

ஒக்ரோபர் தாண்டினால் தார்ப்பட்டி ஒட்ட வெயில் காணாது. அப்ப செய்யத்தான் வேணும் எண்டால் ஒவ்வொரு ஷிங்கிளுக்கும் கீழ 25 சத நாணய அளவில தார்ப்பசை கையால வைக்கச் சொல்லுங்கோ. ஆள் ஏற முதல் டபிள்யூ.எஸ்.ஐ.பி. (ஒன்ராறியோ வேலையாள் காப்புறுதிச் சபை) கிளியரன்ஸ் சான்றைப் பாருங்கோ. பழைய ஷிங்கிள் ஒண்டரைத் தொன் வரும். குப்பைத் தொட்டி (பின்) வைக்கேக்க சில்லுக்குக் கீழ பலகை போடாட்டி ட்றைவ்வே குழி விழும்.