வேகவைத்த நண்டுச் சதை: 100 கிராமுக்கு எந்த எண்ணை நம்புவது?

தினைக்கதிர் (கேள்வி)

இரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்கு வார உணவுக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். வேகவைத்த நண்டு வரும் இடத்தில் மட்டும் எண்கள் ஒத்துப்போக மறுக்கின்றன. 100 கிராமுக்குச் சோடியம் ஓரிடத்தில் 395 மி.கி., இன்னோரிடத்தில் 1,072. வைட்டமின் பி12 ஒன்றில் 3 மைக்ரோகிராம், மற்றொன்றில் 11-க்கு மேல். கொலஸ்ட்ரால் 53 முதல் 97 வரை. எதை எடுத்துக்கொள்வது? முழு நண்டாக வாங்கினால் சதை எவ்வளவு தேறும்? ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கூழையும் இதே கணக்கில் சேர்க்கலாமா?

அளவுகோல்

நீங்கள் பார்த்த எண்கள் எல்லாமே சரிதான். நண்டுதான் வேறு வேறு. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் 100 கிராம் வெந்த சதைக்கு:

நீல நண்டு: 83 கலோரி, புரதம் 17.9 கி., கொழுப்பு 0.7 கி., கொலஸ்ட்ரால் 97 மி.கி., சோடியம் 395 மி.கி., பி12 3.3 மைக்ரோகிராம், துத்தநாகம் 3.8 மி.கி.

அலாஸ்கா ராஜ நண்டு: 97 கலோரி, புரதம் 19.4 கி., கொழுப்பு 1.5 கி., கொலஸ்ட்ரால் 53 மி.கி., சோடியம் 1,072 மி.கி., பி12 11.5 மைக்ரோகிராம், துத்தநாகம் 7.6 மி.கி.

டஞ்ஜினெஸ் நண்டு: 110 கலோரி, புரதம் 22.3 கி., கொழுப்பு 1.2 கி., கொலஸ்ட்ரால் 76 மி.கி., சோடியம் 378 மி.கி., பி12 10.4 மைக்ரோகிராம், துத்தநாகம் 5.5 மி.கி.

கையில் இருப்பது எந்த இனம் என்று தெரியாவிட்டால் புரதம் 18, சோடியம் 400 என்று வைத்துக்கொள்ளலாம்; உப்புப் போடாமல் வேகவைத்ததாக இருந்தால் மட்டும். ஒரு வயது வந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவையான பி12 2.4 மைக்ரோகிராம்தான். ஆகவே எந்த நண்டானாலும் 100 கிராமில் அது முடிந்துவிடுகிறது. நண்டின் பலம் புரதத்தோடு பி12, துத்தநாகம், செம்பு, செலினியம். இரும்புச்சத்துக்கு இதை நம்ப வேண்டாம்: நீல நண்டில் 0.5 மி.கி. மட்டுமே. ஒமேகா-3 உண்டு, ஆனால் கொழுப்பே இவ்வளவு குறைவாக இருக்கும்போது மொத்த அளவும் குறைவாகத்தான் இருக்கும். எண்ணெய்ச் சத்துள்ள மீனோடு போட்டி போடாது.

உப்புக்கல்

சோடியம்தான் உங்கள் விஷயத்தில் முக்கியம், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

395 மி.கி. சோடியம் என்றால் ஏறத்தாழ 1 கிராம் உப்பு. 1,072 என்றால் 2.7 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றின் வரம்பு 5 கிராம் உப்பு. ராஜ நண்டு பெரும்பாலும் பிடித்த கையோடு வேகவைத்து, உப்புக்கரைசலில் உறையவைக்கப்படுகிறது. அந்த எண் எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம். உறைந்த கால்களை வாங்கினால் குளிர்பெட்டியில் பனி இறக்கி, ஓடும் நீரில் அலசி, உப்பில்லாத ஆவியில் 5 நிமிடம் சூடாக்கினால் போதும். அது ஏற்கனவே வெந்தது. மறுபடியும் 15 நிமிடம் வைத்தால் சதை சுருங்கி ஓட்டோடு ஒட்டிக்கொண்டு நாராகிவிடும்.

உயிர் நண்டு என்றால் உப்புநீரில் கொதிக்க வைக்காமல் ஆவியில் வேகவையுங்கள். 300–400 கிராம் நண்டுக்கு ஆவி நன்றாக எழும்பிய பிறகு 12–15 நிமிடம். உப்பிட்ட கொதிநீரில் போட்டால் வெளி உப்பு உள்ளே ஏறும். நீரில் கரையும் சத்துகளும் கொஞ்சம் வேகவைத்த நீரோடு போய்விடும். அந்த நீரையும் சாப்பிடுவதானால் சத்து போகவில்லை, ஆனால் உப்பும் கூடவே வரும்.

ஓடு சிவந்ததும் அடுப்பை அணைத்துவிடுவது பலர் செய்யும் தப்பு. சிவப்பு நிறமி ஓட்டில் முன்பே இருக்கிறது. ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடப்பது சூட்டில் விடுபட்டு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். உள்ளே வெந்ததற்கு அது சாட்சி அல்ல. கால் உடலோடு சேரும் மூட்டைப் பிளந்து பாருங்கள். சதை வெண்மையாக, இழைஇழையாகப் பிரிந்து ஓட்டிலிருந்து கழன்று வர வேண்டும். சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தால் இன்னும் வைக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுச்சதையில் 63 டிகிரி. நன்னீர் நண்டில் இது இன்னும் கட்டாயம், அரைவேக்காட்டில் நுரையீரல் புழு தொற்றும்.

அளவுகோல்

எடைக் கேள்வி விட்டுப்போனது. ஓட்டோடு போட்ட எடையை வைத்துக் கணக்கிட வேண்டாம், தப்பும். இனம், பருவம், ஓடு கழற்றி எத்தனை நாளான நண்டு என்பதைப் பொறுத்து உயிர் எடையில் தோராயமாக 15 முதல் 25 சதவீதம்தான் சதை. புதிதாக ஓடு மாற்றிய நண்டு கனமாகத் தெரியாது, உடைத்தால் உள்ளே தண்ணீர்தான். பிரித்தெடுத்த சதையை வடிகட்டியில் சில நிமிடம் விட்டு, நீர் வடிந்த பிறகு நிறுத்துப் பாருங்கள். டப்பா நண்டுக்கும் அப்படியே: வடித்த எடைதான் கணக்கு.

மருதாணி

மஞ்சள் கூழை அந்த எண்களோடு சேர்க்காதீர்கள். மேலே உள்ளவை எல்லாம் வெள்ளைச் சதைக்கு. கூழ் என்பது கல்லீரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. கொழுப்பு, கொலஸ்ட்ரால் இரண்டும் சதையைவிட அதிகம். அதைவிட முக்கியம், காட்மியம் அங்குதான் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் காட்மியத்துக்குக் கிலோவுக்கு 0.5 மி.கி. என்று வைத்திருக்கும் வரம்பே நண்டில் கால், கொடுக்குச் சதைக்குத்தான், இந்தக் கூழுக்கு அல்ல. சில கடல்களில் பாசி நஞ்சு பரவும் காலத்தில் அதுவும் இந்த உறுப்பில்தான் குவியும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. எப்போதாவது ஒரு கரண்டி என்பது வேறு. வாராவாரம், அதிலும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் வேண்டாம்.

கொலஸ்ட்ராலைப் பார்த்துச் சதையையே ஒதுக்குபவர்களுக்கு: 97 மி.கி. இருந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) மிகக் குறைவு. கெடுப்பது அதன்மேல் ஊற்றும் வெண்ணெய்.

உண்மையில் ஒதுக்க வேண்டியவர்கள் வேறு. நண்டு, இறால் போன்ற கடல் ஓட்டுயிர் ஒவ்வாமை உள்ளவர்கள் (ஒவ்வாமை தரும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் சூட்டில் அழியாது, சிலருக்கு வேகும் ஆவியே போதும்), உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்காரர்கள் (செம்பு ராஜ நண்டில் 100 கிராமுக்கு 1.2 மி.கி., ஒரு நாளின் தேவையே 0.9). யூரிக் அமிலம் ஏறி மூட்டுவலி வருபவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை வைத்துக்கொள்ளட்டும்.

தினைக்கதிர்

நன்றி. நண்டுக் குச்சி என்று பாக்கெட்டில் வருவதை மாற்றாக எழுதலாமா? இன்னொன்று, டப்பா நண்டில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ கிடந்தது.

உப்புக்கல்

குச்சியை நண்டு என்றே எழுதாதீர்கள். மீன் கூழில் மாவுப்பொருள், சர்க்கரை, முட்டை வெள்ளை சேர்த்துச் செய்வது. புரதம் 100 கிராமுக்கு 7–8 கிராம்தான், மாவுச்சத்து 15 வரை, சோடியம் 500-ஐத் தாண்டும். லேபிளில் உள்ள எண்ணையே எடுங்கள்.

தூளை ஒன்றிரண்டு எடுத்து வெதுவெதுப்பான வினிகரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் ஸ்ட்ருவைட்: சதையிலுள்ள மக்னீசியம், பாஸ்பேட், அம்மோனியம் சேர்ந்து உருவாகும் படிகம், கெடுதல் இல்லை. கரையாவிட்டால் நிஜக் கண்ணாடியாக இருக்கலாம், டப்பாவோடு கடையில் திருப்பிக் கொடுங்கள்.