புதுப்பிப்பு: இடது பிரேக் லைட் எரிகிறது, பல்புதான் போயிருந்தது

பிரேக்கை மிதித்தால் இடது விளக்கு எரியவில்லை, ஆனால் ஹெட்லைட் போட்டால் அதே விளக்கு மங்கலாக எரிகிறது, என்ன காரணம் என்று கேட்டிருந்தேன். வலது விளக்கும் நடுவிலுள்ள மேல் விளக்கும் எரிவதால், மூன்றுக்கும் பொதுவான பிரேக் பெடல் சுவிட்சைத் தொடவே வேண்டாம், முதலில் பல்பைப் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு மிக்க நன்றி.

என் காரில் இருப்பது இரட்டை இழை பல்பு, 12 வோல்ட், 21/5 வாட். 5 வாட் இழை பின்விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் பெரிய இழை அறுந்து தொங்குகிறது, கண்ணாடியின் உட்புறமும் கறுத்திருக்கிறது. மங்கலாக மட்டும் எரிந்தது ஏன் என்று அப்போதே புரிந்துவிட்டது.

கழற்றுவது சுலபம். டிக்கிக்குள் மூடியைத் திறந்து ஹோல்டரைத் திருகி இழுக்க வேண்டும், அப்புறம் பல்பை உள்ளே அமுக்கி இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். புதியதைப் போடும்போதுதான் கவனம் தேவை. பல்பின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. உட்காரவில்லையென்றால் பலம் கொடுக்காதீர்கள், அரைச்சுற்று திருப்பி வைத்துப் பாருங்கள்.

ஹோல்டரின் தொடுமுனையில் பச்சையாகப் பூத்திருந்தது. விளக்குகளை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். அதை அப்படியே விட்டால் புது பல்பும் விட்டுவிட்டு எரியும்.

பெடலை மிதிக்க ஆள் இல்லாதவர்கள் இருட்டியதும் காரின் பின்புறத்தைச் சுவர் பக்கம் நிறுத்திவிட்டு மிதியுங்கள், பின்னால் பார்க்கும் கண்ணாடியிலேயே சிவப்பு வெளிச்சம் தெரியும். வலது பல்புக்கும் அதே வயதுதான் என்பதால் அதையும் மாற்றிவிட்டேன்.